பைக் பிரேக்: பேட் மாற்றும் முன் பழைய பேடைப் பாருங்கள்

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று கடையில் வண்டியை நிறுத்தினால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் "பேட் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான். பேட் என்பது டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் துண்டு. மாற்றியதும் ஒரு மாதம் நன்றாக இருக்கும். பிறகு அதே குறை திரும்ப வரும், இந்த முறை புதுப் பேட் இன்னும் சீக்கிரம் தேய்ந்திருக்கும். தேய்ந்ததை மாற்றியாயிற்று, ஆனால் அது ஏன் அப்படித் தேய்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அதனால் கழற்றிய பேடைக் குப்பையில் போடாதீர்கள். பழைய நியூஸ்பேப்பரை விரித்து, இரண்டு பேடையும் உராயும் பக்கம் மேலே தெரியும்படி அருகருகே வையுங்கள். எது பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) பக்கம் இருந்தது, எது எதிர்ப் பக்கம் இருந்தது என்று மார்க்கரால் பின்புறம் எழுதிவிடுங்கள். இனி கண்ணால் பார்த்தே பாதிக் குறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டும் ஒரே அளவு தேய்ந்து, முகம் மங்கலான சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் கவலை இல்லை. அதன் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான்.

பிஸ்டன் பக்கப் பேட் தகடுவரை தேய்ந்திருக்க, எதிர்ப் பக்கப் பேட் பாதிகூடத் தேயாமல் இருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். பிஸ்டன் ஒரு பேடை டிஸ்க்கில் அழுத்தியதும், காலிப்பர் (பிஸ்டனும் பேடும் உட்கார்ந்திருக்கும் கவ்வி) முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் நகர்ந்து வந்து மறு பேடையும் அழுத்த வேண்டும். பின்னில் கிரீஸ் காய்ந்து துரு பிடித்தால் காலிப்பர் நகராது. ஒரு பேட் மட்டும்தான் உழைக்கும்.

பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறு முனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பேடைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு தப்பாக உட்கார்ந்திருக்கலாம். போன முறை மாட்டியவர் அந்தத் தகட்டைப் போடாமலே விட்டிருப்பதும் உண்டு.

முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் பேட் அதிகச் சூட்டில் வெந்து இறுகிவிட்டது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடினாலும் இப்படி ஆகும். அப்போது டிஸ்க்கிலும் நீலம் பாய்ந்திருக்கும். பிஸ்டன் பின்வாங்கவில்லை என்று அர்த்தம்.

முகம் கறுத்து ஈரமாகத் தெரிந்தால் எண்ணெய். முன்சக்கரம் என்றால் ஃபோர்க் ஆயில் சீல் கசிகிறதா பாருங்கள். பின்சக்கரம் என்றால் செயினுக்கு அடித்த ஸ்ப்ரே தெறித்திருக்கும். எண்ணெய் குடித்த பேடை நெருப்பில் காட்டுவது, பெட்ரோலில் ஊறவைப்பது எல்லாம் வீண் வேலை. லைனிங்கில் (தகட்டின் மேல் ஒட்டிய உராயும் பொருள்) நுண்ணிய துளைகள் உண்டு, உள்ளே இறங்கிய எண்ணெய் முழுதாக வெளியே வராது. அடுத்த முறை சூடேறும்போது மேலே கசிந்து வரும். கசிவை அடைத்துவிட்டுப் புதுப் பேட் போடுவதுதான் ஒரே வழி.

கழற்றாமலே அளவு பார்க்க

மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் காலிப்பரின் வாய்க்குள் பாருங்கள். இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய லைனிங், நடுவில் டிஸ்க் தெரியும். புதுப் பேடில் லைனிங் 4 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை இருக்கும். பெரும்பாலான பேடில் முகத்தில் ஒரு பள்ளக் கோடு வெட்டியிருப்பார்கள், அது மறைந்துவிட்டால் மாற்றும் நேரம். கோடு இல்லாத பேட் என்றால் 1.5 மி.மீ. வந்ததும் வாங்கி வையுங்கள், 1 மி.மீ. வரும் முன் மாற்றிவிடுங்கள். இரண்டு பேடையும் பார்க்க வேண்டும். வெளிப் பக்கம் தெரிகிற ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தவர்களின் டிஸ்க்கைத்தான் மறு பக்கத்துத் தகடு அறுத்திருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் (முன் பிரேக்குக்கு லீவர் அருகே இருக்கும்) பிரேக் ஆயில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப மேலே உள்ள திரவம் இறங்கும். அளவு குறைந்திருப்பது பேட் தேய்ந்ததன் அடையாளம். பேடும் தடிமனாக இருந்து அளவும் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

எந்தப் பேட், எங்கே வாங்குவது

ஆர்கானிக் பேட் மென்மையானது. குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. ஊருக்குள் ஓட்டுகிற 150 சிசி வண்டிக்கு இது போதும். ஆனால் சீக்கிரம் தேயும், மலை இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு குறையும். சின்டர்டு பேட் உலோகத் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்தது. மழையிலும் சூட்டிலும் நம்பிப் பிடிக்கலாம், நாளும் வரும். டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும் என்பதால், கம்பெனி ஆர்கானிக் கொடுத்த வண்டியில் சின்டர்டு போடுவதானால் டிஸ்க்கின் தடிமனை அடிக்கடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே செமி மெட்டாலிக் இருக்கிறது. கம்பெனி என்ன வகை போட்டதோ அதையே தொடர்வதில் தப்பு நேர வாய்ப்பு குறைவு.

வடிவம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் விற்கும் வண்டியில் வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறியிருக்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் பேட் வேறாக இருக்கலாம். "பல்சர் பேட் ஒண்ணு" என்று கேட்டு வாங்காமல், பழைய பேடைக் கையில் எடுத்துப் போய்த் தகட்டின் மேல் தகடு வைத்துப் பாருங்கள். பின் நுழையும் ஓட்டை, காது மாதிரி நீட்டிய முனை, மொத்தத் தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கேட்டால் ஒரு மாடலுக்கு நாலு விலையில் எடுத்துப் போடுவார்கள். அச்சு மங்கிய அட்டை, எம்ஆர்பி ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட், தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே விரிசல், ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் உதிரும் லைனிங், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். புதுப்பேட்டையில் பழைய பொருள் வாங்கலாம், லீவர், பிராக்கெட் என்றால் பரவாயில்லை. பேட், ஷூ, ஹோஸ், சீல் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

பேட் மாற்றும் முறை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வேண்டியவை: போல்ட்டுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 12 அல்லது 14), ஆலன் கீ, பழைய டூத் பிரஷ், பிரேக் கிளீனர் ஒரு டப்பா, சிலிக்கான் கிரீஸ், சுத்தமான பனியன் துணி, ஒரு பழைய ஷூ லேஸ். டார்க் ரென்ச் இருந்தால் மிக நல்லது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பரைக் கழற்றும் முன்னரே பேடைத் தாங்கும் பின்னை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். காலிப்பர் கைக்கு வந்த பிறகு தளர்த்தப் பார்த்தால் பிடிமானம் இல்லாமல் ஆலன் தலை உருண்டுவிடும். சில மாடல்களில் பின்னுக்குப் பதில் ஸ்பிலிட் பின் அல்லது கிளிப் இருக்கும்.

பிறகு காலிப்பரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்துக் காலிப்பரை டிஸ்க்கிலிருந்து உருவுங்கள். ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கயிறால் ஃபோர்க்கில் கட்டுங்கள். பேடை எடுத்த பிறகு லீவரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் பிஸ்டன் முழுதாக வெளியே வந்துவிடும்.

இப்போது அவசரப்பட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளாதீர்கள். பேட் தேயும்போது வெளியே வந்த பிஸ்டனின் சுவரில் பிரேக் தூசியும் மண்ணும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும். அதோடு தள்ளினால் அந்த அழுக்கு முழுவதும் ரப்பர் சீலுக்குள் போய் உட்காரும். பிஸ்டன் பின்வாங்குவதே அந்தச் சீலால்தான். அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். லீவரைப் பிடிக்கும்போது பிஸ்டனோடு சற்று முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் தனியாக ஸ்பிரிங் இல்லாததும், அட்ஜஸ்ட் செய்யத் தேவையில்லாததும் இதனால்தான். சீலில் அழுக்கு புகுந்தால் அந்த மயிரிழை போய்விடும், பேட் உரசத் தொடங்கும்.

அதனால் டூத் பிரஷ்ஷில் சோப்பு நீர் தொட்டுப் பிஸ்டனைச் சுற்றித் தேயுங்கள். பிரஷ் எட்டாத பின்புறத்துக்கு ஷூ லேஸைப் பிஸ்டனைச் சுற்றிப் போட்டு, இரு முனையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். பிஸ்டன் பளிச்சென்று ஆனதும் துடைத்து, அதன் சுவரில் ஒரு சொட்டு புது பிரேக் ஆயில் தடவி, இரண்டு கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். நல்ல பிஸ்டன் கை பலத்துக்கே உள்ளே போகும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்ப வேண்டியிருந்தால் காலிப்பர் ரிப்பேர் கிட் போடும் நேரம் வந்துவிட்டது. பிஸ்டன் சுவரில் துருப்புள்ளி நகத்தில் இடறினால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். தள்ளும்போது மேலே டப்பா நிரம்பி வழியலாம், முன்கூட்டியே மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி கட்டுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். பட்டால் துடைத்தால் போதாது, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்து ஸ்லைடு பின்கள். காலிப்பரை பிராக்கெட்டிலிருந்து கையால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். பழைய கிரீஸைத் துணியால் முழுதாகத் துடையுங்கள், பின் நுழையும் குழியையும் சேர்த்து. சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும், குழியை நிரப்பினால் உள்ளே காற்று அடைபட்டுக் காலிப்பர் திரும்ப வெளியே தள்ளப்படும். சாதாரண மஞ்சள் கிரீஸ், என்ஜின் ஆயில், பெட்ரோல் எதுவும் இங்கே கூடாது. இவை பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும், ஓட வேண்டிய பின் மேலும் இறுகும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு, அது இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பின் துருப்பிடிக்கும்.

ஸ்பிரிங் தகட்டைச் சரியாக உட்காரவைத்து, புதுப் பேடை வைத்து, பேட் பின்னைக் கையால் முடிந்தவரை முறுக்குங்கள். காலிப்பரை டிஸ்க்கில் ஏற்றி போல்ட்டுகளை இறுக்குங்கள். மரை 8 மி.மீ. உள்ள காலிப்பர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், பேட் பின்னுக்கு 17, 18 அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. டார்க் ரென்ச் இல்லாதவர்கள் நீளமான கம்பியைப் போட்டு முறுக்காதீர்கள். அலுமினிய மரை உரிந்தால் செலவு பத்து மடங்கு.

மாட்டியதும் முதல் வேலை, லீவரைப் பலமுறை பிடித்துப் பிடித்து விடுவது. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் நாலைந்து பிடி வெறுமையாகக் கைப்பிடிவரை போகும். இதை மறந்து வண்டியை எடுத்துத் தெருமுனையில் போய் மோதியவர்கள் உண்டு. லீவர் கெட்டியான பிறகு டப்பாவில் அளவைப் பார்த்து மூடுங்கள்.

புதுப் பேட் உடனே முழுதாகப் பிடிக்காது. முகம் டிஸ்க்கோடு பொருந்த வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து விடுங்கள், நடுவில் சற்று ஓடி ஆறவிட்டு இருபது முறை செய்யுங்கள். முழுதாக நிறுத்திப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், சூட்டில் பேட் பொருள் அந்த இடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். முதல் 200 கி.மீ. வரை முன்னால் போகும் வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுங்கள்.

பிரேக் ஆயிலும் ஏர் எடுப்பதும்

நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் சார்ந்த திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கெட்டுப்போவது ஓட்டத்தால் மட்டும் இல்லை, காலத்தாலும்தான். வண்டி வீட்டிலேயே நின்றாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? டாட் 4 என்ற தர வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், பேடின் சூடு பிஸ்டன் வழியே திரவத்துக்குப் போகும். திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. திடீரென்று லீவர் கைப்பிடியைத் தொடும், பிரேக் இருக்காது. ஏறும்போது ஒழுங்காக இருந்த பிரேக் இறங்கும்போது காணாமல்போவது இப்படித்தான்.

எது ஊற்றுவது என்று டப்பா மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 4 கேட்கும் வண்டியில் 5.1 ஊற்றலாம், 3 ஊற்றக்கூடாது. டாட் 5 என்பது சிலிக்கான் திரவம், பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அறவே வேறு. இவற்றோடு கலக்கக்கூடாது, ஏபிஎஸ் வண்டியில் ஊற்றவே கூடாது. சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த மிச்சம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

முன் பிரேக்குக்கு 100 முதல் 150 மில்லி இருந்தால் முழுதாக மாற்றிவிடலாம். நிப்பிளுக்கு (காலிப்பரில் திரவத்தையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) பொருந்தும் ரிங் ஸ்பேனர் (8 அல்லது 10), நிப்பிளை இறுக்கமாகக் கவ்வும் ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ட்யூப், ஒரு பாட்டில் போதும்.

ஹேண்டிலைத் திருப்பி டப்பா மட்டமாக இருக்கும்படி வையுங்கள். மூடியின் ஸ்க்ரூ தலை சீக்கிரம் உருளும், அளவான ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்புங்கள். பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி, அடியில் படிந்த கசடைத் துடைத்துப் புதியது ஊற்றுங்கள். நிப்பிளில் முதலில் ஸ்பேனர், அதன்மேல் ட்யூப். ட்யூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள கொஞ்சம் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

இனி வரிசை மாறக்கூடாது. லீவரைப் பிடித்து அழுத்தியபடி வையுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். லீவர் கைப்பிடிவரை இறங்கும், திரவம் வெளியே வரும். லீவரை விடாமலே நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகு லீவரை விடுங்கள். மூடும் முன் விட்டால் காலிப்பர் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், செய்த வேலை வீண். நாலைந்து முறைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அடி தெரிந்துவிட்டால் மேலிருந்து காற்று புகுந்துவிடும், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். தேன் நிறத்தில் வந்துகொண்டிருந்த திரவம் தெளிந்து, குமிழ் நின்றால் முடிந்தது. நிப்பிளுக்கு 5, 6 நியூட்டன் மீட்டர் போதும், மெதுவாக இறுக்குங்கள். உடைந்தால் காலிப்பரில் சிக்கிக்கொள்ளும்.

குமிழ் நின்றும் லீவர் ஸ்பான்ஜ் மாதிரி இருந்தால், காற்று பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் வளைவில் நிற்கும், அதுதான் உயரமான இடம். ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, லீவரை நுனியளவு மட்டும் அசைத்து அசைத்து விடுங்கள், டப்பாவில் பொட்டுப் பொட்டாகக் குமிழ் எழும். அப்படியும் போகாவிட்டால் லீவரைக் கைப்பிடியோடு துணியால் கட்டி இரவு முழுக்க விடுங்கள், காலையில் பெரும்பாலும் கெட்டியாகிவிடும். லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெதுவாகக் கீழிறங்கினால் அது காற்று இல்லை, மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கிட் மாற்ற வேண்டும்.

ஹோஸைக் கழற்றினால் இருபுறமும் உள்ள காப்பர் வாஷர்கள் புதிதாகவே போட வேண்டும். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். வெடிப்பே இல்லாவிட்டாலும் 4 ஆண்டில் மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு.

ஏபிஎஸ் வண்டியிலும் இதே முறைதான். ஆனால் டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், சில மாடல்களில் ஸ்கேனர் வைத்து வால்வைத் திறந்தால்தான் வெளியே வரும். அது சர்வீஸ் சென்டர் வேலை.

டிஸ்க்

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். 4 மி.மீ. டிஸ்க் என்றால் பெரும்பாலும் 3.5. தேய்ந்த டிஸ்க்கில் வெளி விளிம்பு மட்டும் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும், வெர்னியரை அப்படியே வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும். பேட் உரசும் பாதையில் மைக்ரோமீட்டர் வைத்து ஐந்தாறு இடத்தில் அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கலாம், அல்லது தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம். டயல் கேஜ் வைத்தால் 0.3 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. அதற்கு முன் டிஸ்க் போல்ட், வீல் பேரிங் இரண்டையும் பாருங்கள். பைக் டிஸ்க்கை லேத்தில் கடைந்து மட்டமாக்குவது தப்பு, கடைய அதில் சதை இல்லை. மாற்றும்போது போல்ட் மரையில் பழைய லாக் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவி, குறுக்கு எதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஏபிஎஸ் வண்டியில் சென்சார் வளையத்தில் இடிக்காமல் பாருங்கள். அதில் ஒரு பல் வளைந்தாலும் விளக்கு எரியும்.

மழையில் இரவு நின்ற டிஸ்க்கில் காலையில் படியும் செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அதன்மேல் அடிக்காதீர்கள்.

டிரம் பிரேக்

ஸ்ப்ளெண்டரோ எக்ஸ்எல்லோ, வீட்டில் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் டிரம்தான். அதில் யாரும் கவனிக்காத ஓர் ஏமாற்று வேலை நடக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிரேக் பிளேட்டில், ஷூக்களை (டிரம்மின் உட்சுவரில் உரசும் இரண்டு வளைந்த துண்டுகள்) விரிக்கும் கேம் தண்டின் மேல் ஓர் அம்புக்குறித் தகடு இருக்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது அந்த அம்பு பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. அட்ஜஸ்ட் நட் மரை முடிந்து இனி இறுக்க முடியாது என்ற நிலையும் ஏறக்குறைய அப்போதுதான் வரும். சிலர் அந்த நேரத்தில் பிரேக் ஆர்மைக் கழற்றி, கேம் தண்டின் வரிப்பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெடல் மேலே வந்துவிடும், உங்களுக்கும் திருப்தி. உள்ளே ஷூ காகிதமாகத் தேய்ந்திருக்கும். கேம் அளவுக்கு மேல் திரும்பி, ஷூவை விரித்தபடி திரும்ப வராமல் நின்றால் ஓடும்போதே சக்கரம் லாக் ஆகும். ஆர்மிலும் தண்டிலும் ஒரு புள்ளி குத்தியிருக்கும், இரண்டும் நேராக நிற்க வேண்டும். மிதித்த நிலையில் ஆர்முக்கும் பெடலிலிருந்து வரும் கம்பிக்கும் நடுவே கோணம் 90 டிகிரியைத் தாண்டினாலும் மிதிக்கும் பலம் வீணாகிறது, ஷூ தேய்ந்திருக்கிறது.

ஷூ மாற்ற, முதலில் அட்ஜஸ்ட் நட்டை எடுங்கள். பிறகு பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு பிடிக்கும் ஸ்டே கம்பியின் நட், ஸ்பிலிட் பின். அதன்பின் ஆக்சில். சக்கரம் வெளியே வந்ததும் பிளேட்டைத் தூக்குங்கள். உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். மலிவான, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள். முன்னே தள்ளும் ஷூ மற்றதைவிடச் சற்று அதிகம் தேய்வது இயல்பு. இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இரண்டு ஷூவையும் புத்தகம் மாதிரி மடக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து தானாக வரும். ஸ்பிரிங் நீண்டுவிட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள், ஷூ திரும்பி வராமல் சக்கரம் உரசுவதற்கு அதுவும் காரணம். கேம் தண்டை உருவித் துடைத்து, தண்டிலும் ஷூ உட்காரும் பின்னிலும் சூடு தாங்கும் கிரீஸை நகநுனி அளவு தடவுங்கள். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், லைனிங்கில் பட்டால் ஷூ போச்சு. கேம் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கேம்.

டிரம்மின் உட்சுவரில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். 130 மி.மீ. டிரம்முக்குப் பொதுவாக 131. ஓரத்தில் திண்டு விழுந்திருந்தால் வெர்னியரால் அளந்து பாருங்கள். சுவர் பளபளத்தால் 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். புது ஷூவின் இரு முனை விளிம்பையும் அதே தாளால் சற்றுச் சரித்துவிட்டால் கிறீச்சென்ற சத்தம் வராது.

திரும்ப மாட்டும்போது, ஆக்சில் நட்டை இறுக்கும் முன் பெடலை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு, ஷூ டிரம்மின் நடுவில் உட்கார்ந்த நிலையில் இறுக்குங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டால் ஷூவின் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். பிறகு ஸ்டே கம்பியின் நட், அதில் புது ஸ்பிலிட் பின். இதை மறந்தால் பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், கம்பியைப் பிய்த்துச் சக்கரத்தை லாக் செய்யும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பெடலின் வெற்று அசைவு 20 முதல் 30 மி.மீ., முன் டிரம் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. இருக்கட்டும். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் உரசாமல் ஓட வேண்டும். கடைசியாகப் பின் விளக்கு. பெடலை மாற்றியதால் ஸ்விட்ச் தள்ளிப்போயிருக்கும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே விளக்கு எரியும்படி ஸ்விட்ச் நட்டைத் திருப்புங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிவரை உள்ள வண்டிகளில் கூட்டு பிரேக் அமைப்போ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். ஸ்கூட்டரின் கூட்டு பிரேக்கில் இடக்கை லீவர் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும். அங்கே பின் கேபிளை மட்டும் இறுக்கிவிட்டால் பங்கீடு மாறிவிடும். கையேட்டில் சொன்ன வரிசையில் இரண்டையும் சேர்த்து அட்ஜஸ்ட் செய்யுங்கள். லீவர் முனையில் கேபிளின் ஒரு இழை அறுந்து தெரிந்தாலும் அன்றே மாற்றுங்கள்.

மழைத் தண்ணீரில் டிரம் முங்கினால் ஷூ வழுக்கும். மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக மிதித்து நூறு மீட்டர் போனால் காய்ந்துவிடும். மலை இறக்கத்திலோ ஏறிய அதே கியரில் இறங்குங்கள், என்ஜின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து உடனே விடுங்கள், நடுவில் டிஸ்க் ஆறும். அடிவாரத்தில் டிஸ்க்கிலிருந்து கருகல் வாடை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். லீவரைப் பிடிக்காமல் வண்டியை ஸ்டாண்டில் விட்டு, கால் மணி நேரம் ஆறவிட்டு, லீவர் மறுபடி கெட்டியாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்த பிறகே எடுங்கள்.